மூன்றரை ஆள்

கதவில் ஆணியடித்த தகரத்தில்
இரண்டே எண்கள்:
மேலே ஆயிரத்து ஐம்பது கன அடி,
கீழே மூன்றரை.

ஆளுக்கு முந்நூறு கன அடி காற்று,
எட்டு வயது நிரம்பாதவர் அரை ஆள்.
நகரசபை விதித்தது, நான் அளந்தேன்.
அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டது
அந்த வீட்டின் அரை.
பெயர் கிரிசல். வயது ஆறு. முன்பல் இரண்டு இல்லை.
என் பங்குக் காற்று எந்த மூலையில் என்று கேட்டாள்.
அடுப்போரம் என்றேன், சும்மா.

பதினொன்றரைக்கு மேல்தான் எங்களுக்கு வேலை.
கிளாஸ்கோ, சால்ட்மார்க்கெட், பின்கட்டுச் சந்து;
நாலு மாடி, சுழற்படி, ஒரு கைவிளக்கு,
பின்னால் இருமிக்கொண்டே மக்கில்விரெய்த்.
'சுகாதாரம்!' என்று கதவைத் தட்டுவோம்.
உடனே கட்டடம் முழுக்க எலி ஓடும்.
எலியல்ல, ஆட்கள்.

அலமாரிக்குள் நின்றபடி மூவர்.
கட்டிலடியில் கப்பல்துறைக் கூலி, பூட்சோடு.
மாவுப் பெட்டியைத் திறந்தேன் ஒருநாள்:
மடங்கிக் கிடந்த தையல்காரன்
'குட் ஈவினிங்' என்றான்.
சிரித்துவிட்டுத்தான் பெயர் எழுதினேன்.
அபராதம் ஐந்து ஷில்லிங்.
ஐந்து ஷில்லிங் என்றால் என்னவென்று
எனக்கும் தெரியும்.

ஆனால் தகரம் சும்மா வரவில்லை.
அதற்கு முந்தைய குளிர்காலம்
டைபஸ் இதே படிக்கட்டில்
பதினொரு பேரை இறக்கியது.
இறக்கியது என்றால், தோளில்.
படி அத்தனை குறுகல்,
வளைவில் பெட்டியை நிமிர்த்திப் பிடிக்கவேண்டும்,
செத்தவர் நின்றுகொண்டே கீழே போனார்.
அதைப் பார்த்தவன் நான்.
சட்டத்தைத் திட்டுகிறவர்கள்
அந்த வளைவில் ஒருமுறை நின்றிருக்கலாம்.

எல்ஸ்பெத் லாக்ஹெட், விதவை, ஒன்று.
தங்கை டிப்பி, நூற்பாலை, ஒன்று.
குடிவைத்த டோனகல்காரன் ஒன்று.
அவர்கள் உண்மையில் இரண்டு பேர், அண்ணன் தம்பி,
ஒருவனுக்குப் பகல் வேலை, ஒருவனுக்கு இரவு,
ஒரே படுக்கை. அது ஆறியதே இல்லை.
கிரிசல் அரை.
கணக்கு நேர்.

சனிக்கிழமைகளில் மட்டும் நேரில்லை.
ஜனவரி, நடுநிசி, உறைபனி.
எண்ணிக்கொண்டிருக்கிறேன், தலைக்கு மேல்
கூரை ஓடு ஒன்று கிறீச்சிட்டது.
டிப்பி இருமத் தொடங்கினாள், தேவையில்லாமல்.
எல்ஸ்பெத் என் தொப்பியையே பார்த்தாள்.
கிரிசல் மட்டும் மேலே பார்த்து,
பிறகு என்னைப் பார்த்து,
பல்லில்லாத இடத்தில் விரலை வைத்தாள்.

மேலே சட்டையோடு ஒருவன்
புகைபோக்கியைக் கட்டிக்கொண்டிருப்பான்.
எழுதினேன்: மூன்றரை. சரி.
மக்கில்விரெய்த் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாம் வாரம் காய்ச்சல்.
கூரையிலிருந்து இறங்கியவனுக்கு முதலில்;
அவன் பிழைத்தான்.
அவன் வழியாகத்தான் வந்ததா,
படிக்கட்டுக் கழிவுத்தொட்டியா,
டிப்பியின் ஆலையா,
டாக்டருக்கே தெரியவில்லை.
எனக்குத் தெரியவே போவதில்லை.
பேனாவை எடுக்கும்போதெல்லாம்
ஒரு ஓடு கிறீச்சிடுகிறது, அவ்வளவுதான்.

வைக்கோலை எரித்தார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள்.
மலையேரித் தண்ணீர் குழாயில் வந்து
முற்றம்வரை கொட்டுகிறது, தெளிவாக.
வழக்கம்போல் தட்டினேன்.
ஒன்று. ஒன்று. ஒன்று.
மூன்று, என்றேன், எதற்காகவோ சத்தமாக.
'அரை காலி' என்றாள் எல்ஸ்பெத்.
'வாடகைக்கு விடமாட்டேன். எழுதிக்கொள்.'
அதற்கென்று படிவத்தில் கட்டம் இல்லை.

சன்னல் பழைய வண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது.
திறப்பது என் வேலையல்ல.
பேனாக்கத்தியால் சுற்றிக் கீறி
தோளால் முட்டினேன்; கத்தி முறிந்தது, சட்டம் எழுந்தது.

வந்ததை நல்ல காற்றென்று சொல்லமாட்டேன்.
கரிப்புகை, கிளைட் ஆற்றின் வீச்சம்,
எதிர்வீட்டில் வேகும் முட்டைக்கோஸ்.
அளக்கவில்லை.
அடுப்போரம்வரை போயிற்று.