துடைப்ப அலமாரி

சாவி என்னிடம்தான்.
காலை பதினொன்றுக்கு எங்கள் ஆராதனை:
பதினான்கு பேர்,
போதகரையும் கோயில்பிள்ளை என்னையும் சேர்த்து.
ஆளுக்கொரு பெஞ்சு,
நடுவே ஒரு படகு போகலாம்.

மாலை நான்குக்கு அவர்கள்.
மீன் ஆலையின் வேன் மூன்று நடை வந்து போகும்.
இருநூறு ஜோடி பூட்ஸ் உதறும் பனியை
யார் துடைப்பது என்று நினைக்கிறீர்கள்?

எங்கள் பெஞ்சுகளில் மண்டியிடப் பலகை கிடையாது.
போகுஸ்வாஃப் தன் வேலைக் கோட்டைச் சுருட்டிப் போட்டு
அதன்மேல் முழங்காலிடுகிறான்.
பூசை முடிந்து எல்லாரும் போன பிறகும்
காட் மீன் வாடை மட்டும்
அங்கேயே ஜெபித்துக்கொண்டிருக்கும்.

இங்கெபொர்க் இந்த ஊரிலேயே பிறந்தவள்.
ஐம்பது வருஷமாக இங்கே கத்தோலிக்கர் என்றால்
அவள், ஒரு பல் மருத்துவர், இரண்டு ஜெர்மன் கன்னியர்.
ரேடியோவை நகர்த்திவிட்டு
வரவேற்பறை மேசையில் பூசை.
இப்போது கடைசியில் நிற்கிறாள், உட்கார இடமில்லை.
"நார்வேஜியனில் ஒரே ஒரு பாட்டு" என்று
என்னிடம் வந்து முறையிடுகிறாள்,
நான் என்னவோ பிஷப் என்பதுபோல.

டிசம்பரில் மரிவிக் வந்து கேட்டாள்:
ஒன்பது நாள், விடியற்காலைப் பூசை, சாவி வேண்டும்.
ஜனவரிவரை சூரியனே எழாத ஊரில்
எதை வைத்து விடியல் என்பீர்கள்?
"அரிசிப் பணியாரம் வெந்ததும்" என்றாள்.
கொடுத்தேன்.
நான்காம் நாள் போலந்துக்காரர்களும் வந்தார்கள்,
பணியாரத்துக்கு என்றார்கள்.

ஒப்பந்தப்படி
ஐந்தரைக்குள் மாதா சுரூபம் வெளியேற வேண்டும்.
மரிவிக்கின் பின் சீட்டில்
சீட் பெல்ட் போட்டுக்கொண்டு போவாள் மாதா,
பக்கத்தில் உருளைக்கிழங்கு மூட்டை.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, கணவாய் மூடிவிட்டது.
குருவானவர் வரவில்லை.
நான்கு மொழியில் ஒரே நேரத்தில் ஜெபமாலை,
யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை,
ஆமென் மட்டும் எப்படியோ சேர்ந்து விழுந்தது.
காரும் கிளம்பவில்லை.
"அடுத்த வாரம்வரை வைத்திருங்களேன்" என்றாள்.

எங்கே வைப்பது?
துடைப்பங்களோடு, தரை சோப்போடு,
அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.
எனக்கு அவள் பூச்சு உதிர்ந்த சுண்ணாம்பு.
ஞானஸ்நானத்திலிருந்து நான் லூத்தரன்,
இனிமேலும் அப்படித்தான்.

புதன் இரவு
வீட்டிலிருந்து திரும்பி நடந்து வந்தேன்,
காற்று முகத்தைச் சீவியது.
அலமாரிக்குள் ஒரு பல்பு உண்டு.
அதைப் போட்டுவிட்டு
கதவைச் சாத்தினேன்.

மின்கட்டணத்தைப் பற்றிப் போதகர் கேட்டால்
ஈரத் துடைப்பம் காய வேண்டாமா
என்று சொல்லிக்கொள்ளலாம்.