மூச்சுக்குறி

லிங்கராஜபுரம் மேம்பாலத்தை ஒட்டிய
ஜெராக்ஸ் கடை மாடியில் எனக்கு ஒரு மேசை.
எல்லாருக்கும் தெரிந்த பாட்டுகளை
டிராம்போனுக்கும் பியானோவுக்கும் எழுதித் தருகிறேன்.
பக்கத்துக்கு இருநூறு. சுருதி மாற்றினால் ஐம்பது கூடுதல்.
கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும்
சில சமயம் ஒரே பாட்டைத்தான் கேட்கிறார்கள்.
இடது மூலையில் வேகத்தை மட்டும் மாற்றுவேன்.

வார்த்தைகளை எழுதுவதில்லை.
ஊதுகிறவன் வாயில் அதற்கு இடமில்லை.
ஐந்து கோடுகள், கொக்கி வைத்த புள்ளிகள்.
பாடியவர் எங்கே மூச்சு வாங்கினாரோ
அங்கே கோட்டுக்கு மேலே ஒரு காற்புள்ளி.
தாளில் அவருடைய மிச்சம் அவ்வளவுதான்.

இந்தப் பாட்டைக் கேட்டவள் ஸ்டெல்லா நிர்மலா,
காக்ஸ் டவுன் பள்ளியில் பியானோ டீச்சர்.
தங்கை மகள் கல்யாண வரவேற்பில் வாசிக்க.
எந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டேன்.
முதல் நாலு சுரத்தை முனகினால்
சிக்னலில் நிற்கும் ஆட்டோக்காரர் மீதியை முடித்துவிடுவார்,
அவர் வீட்டில் பேசுவது கன்னடமே ஆனாலும்.

ஊத வந்தவன் லால்ரின்மாவியா.
ஐசாலில் சர்ச் பேண்டில் பழகியவன்,
இங்கே மான்யதா பக்கம் இரவு ஷிப்ட்.
அவனுக்குத் தெரிந்த தமிழ் மூன்று சொல்:
அண்ணா, சில்லறை, போதும்.

நான் எழுதியிருந்தது இரண்டு வீடுகள்.
அவன் ஸ்லைடை நீட்டி
நடுவில் இருந்த தெருவையும் சேர்த்து நடந்தான்.
பியானோவுக்கு அந்தத் தெரு கிடையாது.
ஒரு கட்டை, அடுத்த கட்டை, நடுவில் சுவர்.
ஸ்டெல்லா சுவருக்கு இந்தப் பக்கம்
பொறுமையாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

சரணத்தின் முடிவில் சிக்கல்.
அந்த இடத்து வார்த்தை ‘மறவாதே’.
நாலு எழுத்து, நாலு சுரம்.
அவன் இரண்டாவதில் நிறுத்தி மூச்சு வாங்கினான்.

மற.

ஸ்டெல்லாவின் இடது கை
கட்டைகளைத் தொடாமல் மேலேயே நின்றது.
என்ன தப்பு என்று என்னைப் பார்த்தான்.
பென்சிலை எடுத்துக் காற்புள்ளியை
வார்த்தைக்கு முன்னால் நகர்த்தினேன்.
காரணம் சொல்லவில்லை.
சொன்னால் பாட்டு முழுக்கச் சொல்ல வேண்டும்,
அப்புறம் அவளையும்.
எனக்குத் தெரிந்ததே கொஞ்சம்:
வாசிப்பதற்காக மோதிரத்தைக் கழற்றியிருக்கிறாள் என்று
மூன்று ஒத்திகை வரைக்கும் நினைத்திருந்தேன்.

மறுபடி ஊதினான். இந்த முறை மூச்சு போதவில்லை.
மறவா வரைக்கும் வந்தது.
தே இருக்க வேண்டிய இடத்தில்
குழாய்க்குள் வெறும் காற்று.
விரித்திருந்த செய்தித்தாளில் தண்ணீரை வடித்தான்.
“முதல்ல வாசிச்சதே நல்லாத்தான் இருந்துச்சு,”
என்றாள் ஸ்டெல்லா, பக்கத்தைத் திருப்பாமல்.

அன்று இரவு இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன்.
பவர் கட். செல்போன் வெளிச்சத்தில்
அந்தக் கடைசிச் சுரத்தை டிராம்போனிலிருந்து அழித்து
பியானோவின் இடது கையில் போட்டேன்.
சொல்வதானால் அவளே சொல்லட்டும்.
இந்தத் திருத்தத்தை பில்லில் சேர்க்கவில்லை.

வரவேற்பு அன்று மண்டபம் முழுக்கப் பிரியாணி வாசனை,
மேடைக்குக் கீழே பலூன் உடைக்கும் பிள்ளைகள்.
நான் ஐஸ்கிரீம் கவுண்டர் ஓரம் நின்றேன்.
சரணம் முடியப் போகிறது.
மறவா என்று ஸ்லைடு நீண்டது,
ஆறாவது நிலைக்கு, கை ஏறக்குறைய முழுசாக.
நின்றது.
ஸ்டெல்லாவின் விரல் கட்டை மேல் இருந்தது. அழுத்தவில்லை.

மூன்றாவது வரிசையில், கையில் தட்டோடு ஒருவர்,
வாய்க்குள் சோறு இருக்கும்போதே,
தே என்று முடித்தார்,
அரைச் சுரம் கீழே.

யாரோ சிரித்தார்கள். அவளும் சிரித்தாளா
என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.
அடுத்த பாட்டுக்குத் தாள் மாறியது.
லால்ரின்மாவியா குழாயை உதறி நீரை வடித்துவிட்டு
கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து
உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டான்:
போதும், அண்ணா?