முதலில் கழிக்கவும்

வெள்ளி இரவு ஒன்பது ஐம்பதுக்கு
உங்கள் பதினொரு பவுண்டு நாற்பது பென்ஸ்
என் திரையில் வந்து விழும், நெரிஸ் ப்ராசர்.
ஒரு மணி நேரக் கூலியாக இருக்கலாம்.
கேட்டதில்லை.

நான் கார்டிஃபில், மூன்றாம் மாடியில்,
காதில் மாட்டிய இரைச்சலோடு.
நீங்கள் மேலே, மலைப்பக்கம், ட்ரெடிகரில்.
முகம் தெரியாது.
தெரிந்ததெல்லாம்
சாம்பல் நிறக் கோர்சா, ஒன்பது வயது,
எண்பத்தோராயிரம் மைல்,
நூற்றுக்கு முப்பத்து நான்கு வட்டி,
அறுபது மாதம்.
தொழில் என்ற கட்டத்தில்: வீட்டுப் பராமரிப்பு.
கார் இல்லாவிட்டால் வேலை இல்லை,
வேலை இல்லாவிட்டால் கார் இல்லை.
இந்த இரண்டு வரிக்கு நடுவில்தான்
எங்கள் கம்பெனி கடை விரித்திருக்கிறது.

தவணை போக மேலேயும் கட்டுகிறீர்கள்.
பெரும்பாலும் பதினொன்று நாற்பது.
சில வாரம் ஏழு.
டிசம்பரில் ஒரு தடவை இரண்டே இரண்டு பவுண்டு.
அந்த இரண்டைப் பார்த்தபடி
என் தேநீரை ஆறவிட்டேன்.

கணினி எதையும் ஆறவிடாது.
உங்கள் காசை எடுத்து
முன்பணம் என்றொரு டப்பாவில் போட்டது,
அடுத்த தவணைக்கு ஆகட்டும் என்று.
முதல் இருந்த இடத்திலேயே இருந்தது.
வட்டி வழக்கம்போல் குட்டி போட்டது.
நான்கு மாதம்.
நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.
கேட்காததைச் சொல்லக்கூடாது என்பது விதி.
விதி என்றால் தலையெழுத்து அல்ல,
பயிற்சிப் புத்தகம், பக்கம் பத்தொன்பது.

பிறகு அழைத்தீர்கள்.
மழை, வைப்பரின் கீச்சு,
யார் வீட்டு வாசலிலோ நிறுத்திய காருக்குள்ளிருந்து.
'ஆறு நிமிஷம்தான் இருக்கு எனக்கு.
மிஸஸ் பெனானைக் குளிப்பாட்டணும்.
இவ்வளவு கட்டியும் ஏன் குறையலே?'

எழுதிக்கொடுத்ததை வாசித்தேன்.
உங்கள் ஒப்பந்தத்தின்படி, நிலுவையின்படி,
இன்றைய தேதியின்படி.
வாசித்து முடித்து,
'வேறு ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?' என்றேன்.
இல்லை என்றீர்கள்.
திரும்பவும் கேட்டேன்.
மூன்றாம் தடவை அந்த வேறு என்ற சொல்லை
எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டினேன்.
அழைப்புகள் பதிவாகின்றன.
நீட்டலையும் பதிவு செய்திருக்கும்.

வைப்பர் நின்றது.

'நான் மேலே கட்டுற காசை
நீங்க எங்கே போடுறீங்க?'

நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.
முதலில் கழிக்கலாம் அம்மணி,
நீங்கள் சொன்னால்.
ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும்,
சொன்னால் கழிப்போம்.
காலத்தைக் குறைக்கவா,
தவணையைக் குறைக்கவா?

'காலத்தை' என்றீர்கள், யோசிக்காமல்.
பிறகு சிரித்தீர்கள்.
'என் ஆயுசிலே கொஞ்சத்தை வெட்டுன்னு
நானே கேக்கறேன் பாருங்க.'
ஐம்பத்தொன்று என்ற எண்
நாற்பத்தெட்டு ஆனது.
மூன்று மாதம்.
மூன்று குளிர்காலம் போல
எனக்குத் தோன்றியது.
உங்களுக்கு எப்படியோ,
அதற்குள் மிஸஸ் பெனானின் கதவு மணி கேட்டது,
வைத்துவிட்டீர்கள்.

எனக்கும் ஒரு கார் உண்டு.
சிவப்பு. எங்கள் கம்பெனிக் கடன்தான்.
ஊழியர் சலுகையில் இருபத்தொன்பது.
அன்றிரவு ஐந்து பவுண்டு மேலே கட்டினேன்.
எந்த டப்பாவில் விழும் என்று தெரிந்தே கட்டினேன்.
மறுநாள் இடைவேளையில்
என் சொந்தக் கைபேசியில்
எங்கள் எண்ணையே அழைத்தேன்.
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்.
வரிசையில் ஏழாவது ஆள்.
பியானோ வாசித்தார்கள்.
சாண்ட்விச் தீர்ந்த பிறகு
பக்கத்து நாற்காலி ஐதான் எடுத்தான்.
குரல் இரண்டு காதிலும் கேட்டது,
ஒன்றில் கொஞ்சம் தாமதமாக.
அவன் திரும்பவில்லை. நானும்.
பிறந்த தேதி கேட்டான், சொன்னேன்.
ஒப்பந்தத்தின்படி, நிலுவையின்படி என்று
ஒரு சொல் விடாமல் வாசித்தான்.
முடித்து,
எச்சில் விழுங்கி,

வேஏஏறு ஏதாவது
கேட்க விரும்புகிறீர்களா என்றான்.