கழுத்தளவு

அல் கூஸ், ஏழாம் எண் கிடங்கு.
நாளை மாலை திறப்பு.
மாலையைத் தாங்க வேண்டிய ஸ்டாண்டு மட்டும்
கஸ்டம்ஸில் நின்றுவிட்டது.

நூற்றுப்பதினோரு பீங்கான் மணிகள்,
மணிக்கு மணி மயிரிழை வெடிப்பு.
விமானம் செய்ததா சூளை செய்ததா என்று
லென்ஸ் பிடித்துக் குறித்துக்கொண்டிருந்தோம்.
‘வெடிப்பெல்லாம் என்னுடையது’
போனில் சிரித்தாள் ரனீம்.

பிறகு,
‘சவரிமுத்து, கொஞ்சம் நிமிரு.’
தச்சன் ஜோமோனின் டேப்
என் கழுத்தைச் சுற்றியது, சில்லென்று.
பதினைந்தே கால்.
பித்தளைக் கம்பியை அப்படியே வளைத்தான்,
இடப்பக்கச் சாய்வையும் விடாமல்.

இப்போது கண்ணாடிக்குள் என் கழுத்து,
இருபத்தொரு டிகிரிக் குளிரில்,
விலை போடாத மாலையுடன்.
குனிந்து குனிந்து பார்க்கிறார்கள்.

பக்கத்திலேயே நிற்கிறேன்
காலர் பட்டன்வரை பூட்டி.
தொடாதீர்கள் என்று சொல்வது
என் வேலை.