கச்சேரிக்கு ஒரு கல்யாணம்

அந்த மாதம் ஆஸ்த்ராவாவில்
எங்கள் கூட்டத்தில் யாருக்கும் கல்யாணம் இல்லை.
அதுதான் சிக்கல்.
கச்சேரி என்றால் முத்திரை வேண்டும்,
பாட்டு வரிகள் மூன்று பிரதி வேண்டும்.
கல்யாண வீட்டில் யார் கத்தினாலும்
அரசாங்கம் கேட்காது.

லுபோர் கடைசி டிராமில் ஏறினான்,
கிதாரை உருளைக்கிழங்குச் சாக்கில் சுற்றிக்கொண்டு.
என் கதவைத் தட்டிக் கேட்டான்:
“விளாஸ்தா, பதினாலாம் தேதி உனக்கு ஓய்வா?”

அதுவரை அவனோடு நான் பேசியது
ஐந்து வாக்கியம் இருக்கும்.
குரலை மட்டும் இரண்டு வருடமாகத் தெரியும்.
என்னிடம் இருந்த நாடா ஏழாவது பிரதி;
பாட்டைவிட அதில்
ஏழு வீட்டுச் சமையலறைகள்தாம் அதிகம் கேட்கும்.
இரண்டாம் பாட்டின் நடுவே ஒரு கரண்டி விழும்.
டிராம் ஓட்டிக்கொண்டே முணுமுணுக்கும்போது
அந்த இடத்தில் நான் மணியடிப்பேன்.
பாதசாரிகள் திடுக்கிடுவார்கள்.

பதிவாளர் மோதிரம் எங்கே என்றாள்.
டிரம்ஸ் வாசிக்கும் ஓல்ட்ரிக்
சிம்பல் தாங்கியிலிருந்து
ஒரு பித்தளை வாஷரைக் கழற்றிக் கொடுத்தான்.
அன்றிரவு முழுக்க
அந்தக் குறையோடே அது கலகலத்தது.

பெஸ்கிடி மலையடிவாரம், ஒரு பியர்க்கடை.
ஜன்னல்களில் போர்வை.
நாற்பது பேர் என்று சொல்லியிருந்தோம்,
நூற்றுப்பத்துப் பேர் வந்தார்கள்,
எல்லோரும் எனக்கு அத்தை மகன், பெரியப்பா மகள்.
நான்காம் பாட்டு மெதுவானது.
அவன் கண்ணை மூடி
கடைசி வரிக்கு முன் மூச்சை நிறுத்தினான்.
சபை நின்றது.
நான் இருமினேன்.

நிலக்கரி ஊரில் பிறந்தவளுக்கு
இருமல் சொந்தக்காரி மாதிரி,
நேரம் பார்த்து வரமாட்டாள்.

ஆறாம் பாட்டில் நாய்களோடு வந்தார்கள்.
“மணப்பெண் யார்?”
கை தூக்கினேன். கிரீஸ் வாசனை எனக்கே அடித்தது.
“மாப்பிள்ளை ஏன் கிதாரோடு நிற்கிறான்?”
“என் கல்யாணத்தில் அவர் பாடாமல்
நீங்களா பாடுவீர்கள்?”
அந்த ஒரு வாய்க்கு
இரண்டு நாள் உள்ளே இருந்தேன்,
பிறகு ஆறு வருடம்
டிராம் ஓட்டவில்லை, கழுவினேன்.

ஏழு மாதம் கழித்து அதே அலுவலகம், அதே பதிவாளர்.
விவாகரத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில்
லுபோர் எழுதினான்:
“இசை ரசனை ஒத்துப்போகவில்லை.”
நான் சிரித்ததில்
இன்னொரு படிவம் எடுக்க வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகுதான் நாங்கள் நண்பர்கள்.
ஞாயிற்றுக்கிழமை வருவான்,
சாப்பிடுவான், குழாயைச் சரிசெய்கிறேன் என்று
இன்னும் கெடுப்பான்.
பாட்டைப் பற்றி நாங்கள் பேசியதே கிடையாது.
ஒரே ஒரு முறை, அந்த நான்காவது
கொஞ்சம் நீளம் என்றேன்.
மூன்று ஞாயிறு வரவில்லை.

காலம் மாறி
இளைஞர்கள் அவனைக் கொதிகலன் அறையில் கண்டுபிடித்து
அந்த இரவை இசைத்தட்டாகப் போட்டார்கள்.
இருமலைக் கணினியில் அழித்துவிடலாம் என்றானாம்
ஒலிப்பதிவுக்காரப் பையன்.
“வேண்டுமானால் பாட்டை அழி” என்றானாம் இவன்.
எனக்கு இதை அவன் சொல்லவில்லை.
போன பிப்ரவரியில்,
சுடலை வாசலில், குளிரில்,
அந்தப் பையன் சொன்னான்.
யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்னான்.

“நீங்கள் அவருக்கு என்ன உறவு?”
எட்டாம் எண் டிராம் ஓட்டினேன் என்றேன்.

சென்ற வாரம் குழாய் மறுபடி ஒழுகியது.
கடை மூடியிருந்தது.
இழுப்பறையில் அந்த வாஷர் கிடந்தது;
போட்டுப் பார்த்தேன்.
ஏறக்குறைய பொருந்துகிறது.
இரவில் இன்னும் சொட்டுகிறது,
ஓல்ட்ரிக்கின் தாளம் போல,
எப்போதும்
ஒரு நொடி பிந்தி.