முப்பத்தொன்றாம் எண்ணுக்கு

உனக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது விதி.
காதில் ஒரு தகடு, கூண்டில் ஓர் அட்டை:
முப்பத்தொன்று.

ரொசாரியோவில் ஆகஸ்ட். பரானா ஆற்றிலிருந்து
மூடுபனி ஏறி வந்து ஜன்னலில் படுத்திருக்கிறது.
நாலாம் மாடியில் எனக்கு இரவு வேலை.
மரத்தூள் மாற்றுவேன், தண்ணீர் வைப்பேன்,
உன் சக்கரம் எத்தனை சுற்று என்று குறிப்பேன்.
நேற்று நீ ஓடியது நாலரை கிலோமீட்டர்.
கூண்டை விட்டு ஒரு சாண் நகரவில்லை.

இருபத்தெட்டு நாளுக்கு முன்
டாக்டர் ஸுல்மா மயிரிழை ஊசியால்
உன் மூளையில் ஒரு துளி வைரஸ் வைத்தாள்.
பழைய செல்களை அது தொடாது.
அந்த நேரத்தில் பிரிந்துகொண்டிருந்த செல்லுக்குள் மட்டும் புகுந்து
பச்சை விளக்கேற்றி வைக்கும்.
ஹிப்போகாம்பஸில் நகக்கீற்று போல் வளைந்த ஒரு மடிப்பு;
அதன் உள்விளிம்பில்
அன்று பிறந்தவை மட்டும் பச்சை.

பிறந்த செல்லுக்குக் கையும் இல்லை, காலும் இல்லை.
யாரும் அதனோடு பேசுவதில்லை.
எங்கிருந்தோ காபா மட்டும் கசிந்து வரும்.
வளர்ந்த செல்களைச் சும்மா இருக்கச் சொல்லும் அதே காபா.
அவற்றுக்கு வாய்ப்பூட்டு,
இதற்குத் தாய்ப்பால்.
குடித்துத்தான் கண் விழிக்கிறது.
ஸுல்மா இதைச் சொன்ன இரவு
வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

மூன்றாம் வாரம் கிளைகளில் முள் முளைக்கும்.
முள் ஒவ்வொன்றும் ஒரு வாய்.
காலி இடம் என்று அங்கே எதுவும் இல்லை;
எல்லா இலையிலும் ஏற்கெனவே யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.
ஒடுங்கி, நெருக்கி, இன்னொருவர் இலையோரம் கை நீட்டி
ஒரு பருக்கை எடுக்கிறது.
வந்தவற்றில் பாதிக்கு மேல்
பந்தியை எட்டுமுன்பே செத்துப்போகும்.
துப்புரவுச் செல்கள் வந்து தின்று முடித்துப் போகும்,
என்னைப் போல, வாளி இல்லாமல்.

ஓடுகிற சுண்டெலிக்குப் பிழைப்பது கூடுதலாம்.
அதனால்தான் சக்கரம்.
அதனால்தான் அதற்கு நான் எண்ணெய் விட்டதும்.

"நமக்கும் இப்படிப் புதுசு முளைக்குமா?"
காவலிருக்கும் எவரிஸ்தோ மாத்தே உறிஞ்சியபடி கேட்டான்.
ஸுல்மா தோளைக் குலுக்கினாள்.
எண்ணிக் காட்டுகிறவர்களும் உண்டு,
ஒன்றுகூட இல்லை என்கிறவர்களும் உண்டு.
சண்டை ஓயவில்லை.

புதுசுக்கு என்ன வேலை என்று கேட்டேன்.
ஒரே மாதிரி இரண்டு பெட்டி என்றாள்.
ஒன்றில் கால் சுடும், ஒன்றில் சுடாது.
இது அதுவல்ல என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

எனக்கும் இரண்டு தெரு இருந்தது.
இரண்டிலும் முனையில் ரொட்டிக்கடை,
நடுவில் லப்பாச்சோ மரம், நீலக் கதவு.
பஸ்ஸை விட்டு இறங்கினால்
கால் தானாக நெஸ்தோரின் வாசலில் போய் நிற்கும்.
சாவியைத் துளையில் வைத்த பிறகுதான் உறைக்கும்:
இப்போது இங்கே வேறொருத்தி.
ஒரு தடவை அவளே கதவைத் திறந்தாள்.
ரொட்டிக்கடைக்கு வழி கேட்டுவிட்டு வந்தேன்.

இன்று அதிகாலை
நாற்பது மைக்ரான் தடிமனில் நீ
கண்ணாடித் தகட்டில் படுத்திருந்தாய்.
அட்டையில் உன் எண்ணை அடித்தேன்.
ஸுல்மா நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.
இருட்டில் ஒரு மரம்,
கிளையெல்லாம் பச்சை, முள்ளெல்லாம் பச்சை.
அந்தத் துண்டில் பதினேழு என்று எண்ணியிருந்தாள்.
இன்னும் ஒரு மாதம் போனால்
பழையவற்றுக்கும் இவற்றுக்கும் வித்தியாசமே தெரியாது என்றாள்,
இந்தப் பச்சை இல்லாவிட்டால்.
பிழைத்ததைப் பார்க்க வேறு வழி கிடையாது, முப்பத்தொன்று.
நான் கேட்டுப் பார்த்தேன்.

விடிந்து பஸ் இறங்கினேன்.
இரண்டு தெருவிலும் லப்பாச்சோ பூத்திருந்தது,
ஒரே இளஞ்சிவப்பு.
கால் ஒரு கணம் நின்றது.
பிறகு இடப்பக்கம் திரும்பியது.
சாவி சுழன்றது. உள்ளே குளிர்,
பிரிக்காத அட்டைப்பெட்டிகள்.

எவரிஸ்தோவிடம் சொல்லப் போவதில்லை.
ஒரு காலை, ஒரு கால் திரும்பியதை
ஸுல்மா கணக்கில் சேர்க்க மாட்டாள்.