தகட்டில் ஒரு எக்ஸ்

வேபர்ன் விமானத் திடல், மூன்றாம் எண் கொட்டகை.
நடுவே தடுப்பில்லை.
இடப்பக்கம் என்னுடையது:
அறுபத்தெட்டில் கேன்சஸ் தொழிற்சாலை பெற்றுப்போட்டது.
நான்கு இருக்கை, ஒவ்வொரு திருகுக்கும் ஒரு தாள்.
வலப்பக்கம் ஒரிசியா ஹ்நாட்யூக்குடையது:
இரண்டு இருக்கை, பதினாலாயிரம் ரிவெட்,
அத்தனையும் அவள் அடித்தது.
எல்லைக்குத் தெற்கே இதைச் சோதனை விமானம் என்கிறார்கள்.
சோதனைதான், என்பாள். பதினொரு குளிர்காலம்.
அக்காள் கல்யாணத்தன்றுகூட
இறக்கைக்குள் தோள்வரை கைவிட்டுக் கிடந்தாளாம்.

மினாட் நூற்று முப்பது கடல்மைல்.
எனக்கு ஒன்றேகால் மணி, அவளுக்கு ஐம்பது நிமிடம்.
பெட்ரோலும் அவளுக்கே குறைவு.
இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை கம்மும்.
ஆனால் புல்தரையில் இறங்கும்போது பாருங்கள்,
உதட்டைக் கடித்துக்கொண்டு வருவாள்,
சுடுமணலில் கால் வைப்பவள்போல.
என்னுடையது எருமை.
அசைபோட்டபடி வந்து உட்காரும்.

ஆகஸ்டில் இருவருக்கும் ஒரே வாரம்
ஆல்டர்னேட்டர் போயிற்று.
அவள் கார் உதிரிபாகக் கடைக்குப் போனாள்:
இருநூற்று நாற்பது டாலர்.
எனக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.
அதே செம்புக்கம்பி, அதே கரித்துண்டு.
மிச்சம் ஆயிரத்து அறுநூற்று அறுபதும் தாளுக்கு.
ஏட்டுச்சுரைக்காய்.
அதைத்தான் சமைத்தாக வேண்டும்.

அக்டோபரில் மெக்கானிக் ஃப்ரேஸி
ஆண்டு வேலைக்கான மதிப்பீட்டை மடித்துக் கொடுத்தான்,
மடித்தால் குறையும் என்பதுபோல.
பதினோராயிரத்து நானூறு.
விமானமே நாற்பதாயிரம்தான் பெறும்.
நான் பார்த்துத் தருவேன், என்றாள் ஒரிசியா,
சட்டப்படி என் கை என் விமானத்தைத்தான் தொடலாம்.

வழி ஒன்று உண்டு. உரிமையாளர் பராமரிப்பு.
ஒரு விண்ணப்பம் போட்டால் ஸ்பானர் என் கைக்கு வரும்,
கார்க் கடை எனக்கும் திறக்கும்.
பதிலுக்கு என்ஜின் தகட்டில், எண்ணுக்குப் பக்கத்தில்,
எக்ஸ் என்று அடிக்க வேண்டும்:
இந்த உறுப்பு இனி வேறெந்த உடம்புக்கும் ஆகாது.
எக்ஸ் விழுந்தது அமெரிக்க வானத்தில் நுழையக் கூடாது.
கொட்டகையில் பிறந்தது போகலாம்,
தொழிற்சாலையில் பிறந்தது போகக் கூடாது.
ஒரிசியா சிரித்தாள்.
பிறகு நிறுத்திக்கொண்டாள்.
மினாட்டில் என் மகள் யானிக்கா. ஆறு மாதம்.

பழைய தாள் காலாவதியாக ஆறு நாள் இருந்தது.
பின்னிருக்கையைக் கழற்றினேன்
(அதற்கும் ஒரு தாள் எழுதினேன்),
பிர்ச் மரத் தொட்டிலை ஏற்றிக் கட்டினேன்.
ஒரிசியாவின் இருக்கைக்குப் பின்னால்
ஒரு பல் பிரஷ்தான் கொள்ளும்.
எதிர்காற்று. ஒன்றேமுக்கால் மணி ஆயிற்று.
சுங்க அதிகாரி தொட்டிலைத் தட்டிப் பார்த்து
விற்கவா, என்றார்.
திரும்புகையில் சூரிஸ் ஆற்றுக்கு மேல்
காரணமில்லாமல் ஒரு வட்டம் போட்டேன்.
பெட்ரோல் கணக்கில் அதை எழுதவில்லை.

நவம்பரில் விரல் விறைத்த ஒரு காலையில்
அச்சுளியைத் தகட்டில் நிறுத்தினேன்.
ஒரே அடி.
எழுத்து சற்றுச் சாய்ந்து விழுந்தது.
ஒரிசியா எட்டிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.
பதினாலாயிரம் அடித்தவள். சாய்வு தெரிந்திருக்கும்.

அன்றிலிருந்து வடக்கே பறக்கிறேன்,
மேற்கே பறக்கிறேன். மலிவாக.

ஜனவரியில் போன் வந்தது. பெண் குழந்தை.
ஒரிசியா கண்ணாடிக் கூண்டைத் திறந்துவைத்து
என்ஜினுக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தாள்.
ஏறும் இடத்தில், கண்ணுக்கு நேராக, எச்சரிக்கை:
இந்த விமானம் சர்வதேசத் தரங்களுக்கு உட்பட்டதல்ல.
முழுவதும் வாசித்தேன்.
பல் பிரஷ்ஷைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு
காலைத் தூக்கி உள்ளே வைத்தேன்.